2 டன் ஹாய்ஸ்ட்: பாரத்தை இறக்கி நிறுத்தினால் ஒரு சாண் வழுக்குகிறது. பிரேக்கா, வயரிங்கா?

மோல்டிங்ஷாப்_கோவை (ஆகஸ்ட் 2023):

எங்கள் ஃபவுண்டரியில் ஐ பீமில் ஓடும் 2 டன் வயர்ரோப் ஹாய்ஸ்ட் (கம்பிக் கயிற்றில் பாரம் தூக்கும் மெஷின்). தூக்கும் வேகம் நிமிடத்துக்கு 6 மீட்டர். பம்ப் காஸ்டிங், மோல்டிங் பாக்ஸ் தூக்க வைத்திருக்கிறோம். வெறும் கொக்கியை ஏற்றி இறக்கினால் கச்சிதமாக நிற்கிறது. ஒன்றரை டன் மாட்டி இறக்கும்போது பட்டனை விட்டால் ஒரு சாண் கீழே போய்த்தான் நிற்கிறது. ஏற்றும்போது இந்தத் தொல்லை இல்லை.

சமீபத்தில் நடந்த ஒரே வேலை, எரிந்துபோன பிரேக் ரெக்டிஃபையரை (பிரேக் காயிலுக்கு ஏசியை டிசியாக்கிக் கொடுப்பது) மாற்றியது. ஃபிட்டர் ஸ்பிரிங் நட்டை இறுக்கிப் பார்த்தார், பெரிய வித்தியாசம் இல்லை. இன்னும் இறுக்கலாமா? அடுத்த மாதம் ஆய்வு வேறு இருக்கிறது. போன முறை 125 சதவீத லோடு டெஸ்டில் பாஸ் ஆன ஹாய்ஸ்ட்தான் இது.

பழைய_ஃபிட்டர்:

தம்பி, முதலில் அதை உற்பத்தியிலிருந்து எடுங்கள். தொங்கும் பட்டன் பெட்டியான பெண்டென்டில் சீட்டுக் கட்டி, கரண்டைத் துண்டிக்கும் ஐசோலேட்டருக்குப் பூட்டுப் போட்டுவிட்டு அப்புறம் பேசலாம். அதில் லேடில் (உருகிய இரும்பு வாளி) தூக்குவதில்லையே? ஒற்றை பிரேக் ஹாய்ஸ்டில் உருகிய இரும்பைத் தூக்குவதே தப்பு, வழுக்கும் ஹாய்ஸ்டில் கேட்கவே வேண்டாம்.

நட்டை இனி தொடாதீர்கள். பிரேக்கை மூடுவது ஸ்பிரிங், கரண்ட் வந்தால் அதை இழுத்துத் திறப்பது காயில். ஸ்பிரிங்கை அளவுக்கு மேல் இறுக்கினால் காயில் அதை முழுசாக இழுக்க முடியாது. லைனிங் உரசிக்கொண்டே ஓடும், சூடாகும், சீக்கிரம் தேயும்.

அதற்கு முன்னால் ஒரு சோதனை. ஒரு டன் போல மாட்டி தரையிலிருந்து நாலு விரல் மட்டும் தூக்கி அப்படியே விடுங்கள். சுற்றிக் கயிறு கட்டி ஆளை விலக்கி வையுங்கள். டிரம் விளிம்பில் பெயின்ட் மார்க்கர் கோடு ஒன்று, பாடியில் அதற்கு நேராக இன்னொன்று. பத்து நிமிடம் கழித்துக் கோடு நகர்ந்திருந்தால் பிரேக்குக்குப் பிடிப்பு இல்லை: லைனிங் தேய்ந்திருக்கும், கிரீஸ் பட்டிருக்கும், ஸ்பிரிங் சோர்ந்திருக்கும். நகரவே இல்லை என்றால் பிடிப்பு இருக்கிறது, பிடிக்க வருவதுதான் தாமதம். அந்தத் தாமதம் பெரும்பாலும் கரண்ட் பக்கத்து விவகாரம்.

பேனல்_வயர்மேன்:

அண்ணன் சொன்னதுதான். ரெக்டிஃபையர் மாற்றினோம் என்றதுமே எனக்கு அங்கேதான் சந்தேகம். டிசி பிரேக்கில் ஏசி பக்கம் மட்டும் கட் செய்தால் காயிலில் இருக்கும் கரண்ட் ரெக்டிஃபையரின் டயோடு வழியாகவே சுற்றிச் சுற்றி மெதுவாக வடியும். அதுவரை பிரேக் திறந்தே இருக்கும். டிசி பக்கமும் ஒரு கான்டாக்டில் கட் ஆனால் உடனே மூடும். உங்கள் வேகத்துக்கு நொடிக்கு 10 செ.மீ. கணக்கு. தாமதிக்கும் ஒவ்வொரு நொடிக்கும் அந்த 10 செ.மீ.யோடு பாரம் சேர்த்துவிடும் வேகமும் கூடும்.

இரண்டு பாருங்கள். ரெக்டிஃபையரில் டிசி கான்டாக்டுக்கு என்று இரண்டு முனை இருக்கும், அதில் துண்டு ஒயர் போட்டு ஷார்ட் செய்திருக்கிறதா? அப்புறம், ரெக்டிஃபையருக்கு சப்ளை மோட்டார் டெர்மினலிலிருந்தே எடுத்திருக்கிறதா? அப்படி எடுத்தால் இன்னும் மோசம். பட்டனை விட்ட பிறகும் பாரம் மோட்டாரைச் சுழற்றும்போது கொஞ்ச நேரம் மோட்டாரே வோல்டேஜ் கொடுக்கும், அது பிரேக்கைத் திறந்தே வைக்கும். ஏற்றும்போது தெரியாமல் இறக்கும்போது மட்டும் வழுக்குவது அதனால்தான். ஏற்றும்போது பாரமே மோட்டாரை நிறுத்திவிடுகிறது.

காயில் பிளேட்டில் வோல்டேஜையும் படியுங்கள். 415 ஏசிக்கு அரை அலை ரெக்டிஃபையர் போட்டால் சுமார் 187 டிசி வரும். முழு அலை போட்டால் 370-க்கு மேல், காயில் கருகிவிடும்.

மோல்டிங்ஷாப்_கோவை:

லேடில் தூக்குவதில்லை சார். கோடு பத்து நிமிடத்திலும் நகரவில்லை. பிரேக் கேப் (இடைவெளி) ஃபீலர் கேஜில் மேனுவலில் சொன்ன அளவுக்குள்தான் இருக்கிறது, லைனிங் காய்ந்து சுத்தமாக இருக்கிறது. காயில் 190 வோல்ட், ரெக்டிஃபையரும் அரை அலைதான். ஆனால் நீங்கள் சொன்ன இரண்டும் இருக்கிறது! அந்த முனைகளுக்கு நடுவே சிவப்பு ஒயர் துண்டு, சப்ளை மோட்டார் டெர்மினலிலிருந்து. பழைய ரெக்டிஃபையருக்கு வந்த இரண்டு ஒயர் டேப் சுற்றிச் சும்மா தொங்குகிறது. அந்த ஒயரை மேல், கீழ் கான்டாக்டர்களின் (மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் மின்காந்த சுவிட்ச்) ஆக்ஸிலரியில் (அதோடு சேர்ந்து இயங்கும் துணை முனை) கொடுத்துவிடலாமா?

பேனல்_வயர்மேன்:

சாதாரண ஆக்ஸிலரியில் நேராகக் கொடுக்காதீர்கள். காயிலின் டிசி கரண்டை அறுக்கும்போது பொறி பறக்கும், முனை ஒட்டிக்கொண்டால் பிரேக் மூடவே மூடாது. பிரேக்குக்கென்று தனி கான்டாக்டர் வைத்து, டிசி ரேட்டிங் பார்த்து, அதன் இரண்டு போலை (முனை ஜோடி) தொடராகப் போடுங்கள். வோல்டேஜ் எகிறலை அடக்கும் வேரிஸ்டரும் இருக்கட்டும். ஏசி சப்ளையை மெயினிலிருந்தே தனியாக எடுத்து அதே கான்டாக்டர் வழியாகக் கொடுங்கள். மேல், கீழ் ஆக்ஸிலரிகள் அந்தக் கான்டாக்டரின் காயிலை ஓட்டினால் போதும்.

மோல்டிங்ஷாப்_கோவை:

செய்தாயிற்று. ஸ்பிரிங் நட்டையும் மேனுவல் அளவுக்கே திருப்பிவிட்டோம். அதே ஒன்றரை டன், அதே உயரம், டேப் வைத்து அளந்தோம்: முன்பு 19 செ.மீ., இப்போது 2 செ.மீ.க்குச் சற்று மேல். ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம், ஹாய்ஸ்டுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆய்வு வேண்டும் என்கிறார் எங்கள் ஸ்டோர்ஸ்காரர், உண்மையா?

சேஃப்டி_அலுவலர்:

இப்போது (2023) நடைமுறையில் உள்ள தொழிற்சாலைகள் சட்டம் 1948-ல் 28-வது பிரிவைப் படித்திருப்பார். ஆறு மாதம் என்பது வழிகாட்டியில் ஏறி இறங்கும் மேடையோ கூண்டோ உள்ள ஹாய்ஸ்டுக்கும் லிஃப்டுக்கும். கொக்கியில் தொங்கவிட்டுத் தூக்கும் உங்கள் சாமான் 29-வது பிரிவில் வரும்: தகுதி பெற்றவர் குறைந்தது 12 மாதத்துக்கு ஒரு முறை முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும், பாதுகாப்பான பளு தெளிவாக எழுதியிருக்க வேண்டும். ஸ்லிங், ஷேக்கிள் எல்லாம் அதே பிரிவுதான், அவற்றையும் எடுத்து வையுங்கள்.

போன வருடம் 125 சதவீதத்தில் பாஸ் ஆனதைப் பெரிதாக நினைக்காதீர்கள். அது அன்றைக்கு உடம்பு தாங்கியது என்பதற்குத்தான் சாட்சி. நடுவில் ரெக்டிஃபையரில் கை வைத்த அன்றே நிறுத்தும் தூரத்தை அளந்து ரெஜிஸ்டரில் எழுதியிருந்தால் இந்த இழையே வந்திருக்காது.

ஆய்வுக்கு 2.5 டன் வேண்டும். குத்துமதிப்பாகக் காஸ்டிங்கை அடுக்காமல் எடை போட்டுக் குறித்து வையுங்கள். பீமும் அதைத் தாங்குமா என்று வரைபடத்தில் பார்த்துவிடுங்கள். கொக்கியில் பஞ்ச் புள்ளி வைத்து வாய் அகலத்தை டெஸ்டுக்கு முன்னும் பின்னும் அளக்கலாம். ரோப்பை வெறும் கையால் தடவ வேண்டாம், வேஸ்ட் துணியால் பிடித்து ஓட்டினால் அறுந்த இழை சிக்கும். கொக்கி அடிமட்டத்தில் இருக்கும்போது டிரம்மில் குறைந்தது இரண்டு சுற்று மிச்சம் இருக்க வேண்டும். மேல் லிமிட் சுவிட்சை எப்போதும் பாரம் இல்லாமல், மெதுவாகத் தட்டித் தட்டி ஏற்றிப் பாருங்கள்.

அளவுக்கு மேல் பாரம் தூக்க விடாத ஓவர்லோடு லிமிட்டர் இருந்தால் 2.5 டன்னில் அது தடுக்கும், டெஸ்டுக்காக விலக்கி வைப்பார்கள். டெஸ்ட் முடிந்து அவர்கள் வண்டி ஏறும் முன்னால் அதைத் திரும்ப செட் செய்ய வைத்து, ஒரு முறை தடுக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்து வாங்குங்கள்.