வெளிப்புற விளக்கு விதிகள்: நகர மன்றம் எதுவரை போகலாம்?

விண்மீன்:
வெளிப்புற விளக்குகளுக்கு நகர மன்றம் விதி வகுப்பதாயிருந்தால், அதை அடுத்த இருபது ஆண்டுக்கான வளர்ச்சித் திட்டத்தோடு சேர்த்தே எழுத வேண்டும். இன்று கம்பத்தில் ஏறும் எல்.இ.டி. விளக்கு எளிதில் பத்தாண்டுகளைத் தாண்டும்; புதிய மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் நாளிலேயே அந்தப் பகுதியின் இரவு எப்படி இருக்கும் என்பதும் பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. ஒளி மேலே போகாதபடி முழு மறைப்பு, 3000 கெல்வினுக்கு மிகாத ஒளிநிறம் (கெல்வின் எண் குறையக் குறைய ஒளி மஞ்சளாகும், கூடக் கூட நீலம் கலந்த வெண்மையாகும்), நள்ளிரவுக்குப் பின் ஒளி குறைப்பு ஆகியவை விதியில் இடம்பெற வேண்டும். அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃப் நகரம் விளம்பரத் தேடுவிளக்குகளுக்கு 1958-லேயே தடை விதித்தது. 2001-இல் உலகின் முதல் இருள்வான் நகரம், அதாவது செயற்கை ஒளியிலிருந்து இரவு வானின் இருளைக் காக்கும் நகரம், என்ற ஏற்பைப் பெற்றது. இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் அந்நகரம் வளராமல் நின்றுவிடவில்லை.

நடைபாதை:
ஃபிளாக்ஸ்டாஃபில் வானாய்வகம் இருக்கிறது. இருள் அந்நகரத்தின் தொழிலோடு சேர்ந்தது. மற்ற நகரங்களில் இரவுப் பணி முடித்துத் தனியே நடந்து திரும்பும் பெண்ணை வைத்துத்தான் விதியை எடைபோட வேண்டும். நியூயார்க்கின் பொதுக் குடியிருப்புகள் சிலவற்றைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்துக் கூடுதல் விளக்குகளை நிறுத்திப் பார்த்த ஆய்வில், இரவில் வெளியிடங்களில் நடக்கும் கடுங்குற்றங்கள் ஏறத்தாழ 36 விழுக்காடு குறைந்தன. இதை அறிந்த பிறகும் நள்ளிரவுக்கு மேல் எல்லாத் தெருக்களிலும் ஒளியைக் குறைப்போம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

விண்மீன்:
அந்த ஆய்வை நானும் மதிக்கிறேன். ஆனால் அது போதிய வெளிச்சம் இல்லாத இடங்களில் விளக்கு வைத்ததன் பலன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 62 உள்ளாட்சிப் பகுதிகளின் தரவுகளை ஆராய்ந்து 2015-இல் வெளியான ஆய்வு, விளக்குகளை இரவின் ஒரு பகுதியில் அணைத்ததாலோ மங்கலாக்கியதாலோ விபத்துகளும் குற்றங்களும் கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றே கூறியது. மறைப்பில்லாத விளக்கு எரியும் ஒரு வாசலை எதிரே நின்று பாருங்கள். நெற்றியில் கை வைத்து வெளிச்சத்தை மறைத்தால்தான் வாசற்படியும் சுவரோரம் நிற்பவரும் தெரிவார்கள். அங்கே வெளிச்சம் மிகுதி, பார்வை குறைவு. முதியோரின் கண்களுக்கு இந்தக் கூச்சம் இன்னும் கடுமையானது.

கம்பப்பணி:
விளக்கு பொருத்துவதே என் தொழில் என்பதால் இடையில் ஒன்று சொல்கிறேன். இருவரும் தெருவிளக்கைப் பற்றியே பேசுகிறீர்கள். அமெரிக்காவின் டூசான் நகரம் தன் தெருவிளக்குகளை மங்கலாக்கி, வேறுபாட்டைச் செயற்கைக்கோள் வழியாக அளந்தபோது, மேலிருந்து தெரியும் ஒளியில் அவற்றின் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு என்று தெரியவந்தது. மற்றதெல்லாம் வாகன நிறுத்தங்கள், விளம்பரப் பலகைகள், விளையாட்டுத் திடல்கள், சுவரில் சாய்த்து மாட்டிய ஃபிளட் லைட்டுகள் போன்றவை. அந்த ஃபிளட் லைட்டுகளில் பலவற்றுக்குப் புதிய விளக்கே தேவையில்லை; பிடிப்பின் பக்கவாட்டுத் திருகைத் தளர்த்தி, முகப்பைத் தரைக்கு நேராகக் குனிய வைத்து, மறுபடி முடுக்கினால் போதும்.

செலவு வேறிடத்தில் இருக்கிறது. ஒளியைக் குறைக்க, அதை ஏற்கும் டிரைவரும் (எல்.இ.டி.-க்கு மின்னோட்டத்தைச் சீராகத் தரும் மின்கருவி) கட்டுப்பாட்டுக் கருவிக்கான இணைப்பும் விளக்கிலேயே இருக்க வேண்டும். மன்றம் இப்போது டெண்டரில் இவற்றைக் கேட்காமல் மலிவான விளக்குகளை வாங்கிவிட்டால், நள்ளிரவு விதி தாளில் மட்டுமே இருக்கும். நீண்டகாலத் திட்டத்தின் சோதனை அந்த டெண்டர் வாசகத்தில்தான் இருக்கிறது. வரைபடத்துக்குப் பூசும் வண்ணத்தில் இல்லை.

நடைபாதை:
மறைப்பையும் குனிய வைப்பதையும் நான் எதிர்க்கவில்லை. கூச்சத்தைப் பற்றி விண்மீன் சொன்னதும் சரியே. ஏற்கெனவே மாட்டப்பட்ட விளக்குகளையும் விதிக்குள் இழுப்பதைத்தான் எதிர்க்கிறேன். தெருத்தெருவாக ஆய்வாளர்களை அனுப்பும் வசதி பெரும்பாலான மன்றங்களுக்கு இல்லை. ஆகவே நடவடிக்கை, யாரேனும் புகார் கொடுத்தால் மட்டுமே நடக்கும். முன்பகை உள்ள அண்டை வீட்டாருக்கு அது கையில் கிடைத்த ஆயுதம். பெரிய வணிக வளாகம் வழக்கறிஞரை வைத்து விலக்குப் பெறும், சிறுகடைக்காரர் அபராதம் கட்டுவார். முதலில் மன்றம் தன் கட்டடங்களையும் திடல்களையும் திருத்தட்டும். தனியார் விளக்கு பழுதாகி மாற்றும்போது மட்டும் விதி பாயட்டும்.

விண்மீன்:
மன்றம் முதலில் திருந்த வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. பேருந்து நிறுத்தம், மருத்துவமனை வாயில், ரயில் நிலையத்துக்கு நடந்து செல்லும் பாதை ஆகியவற்றை ஒளி குறைப்பிலிருந்து விலக்கி, திட்ட வரைபடத்திலேயே குறித்துவிடலாம். ஆனால் பழுதாகும்போது மாற்றலாம் என்றால் கெடு இல்லை என்று பொருள். நீடித்து உழைக்கும் எல்.இ.டி. விளக்குகளுக்கு அது ஒரு தலைமுறை விலக்காகவே முடியும். பிரான்ஸ் 2013-இல் கடை முகப்பு விளக்குகளை அதிகாலை 1 மணிக்குள், அதற்குப் பின்பும் திறந்திருக்கும் கடையானால் மூடிய ஒரு மணி நேரத்துக்குள் அணைக்கச் சொன்னபோது, புதிய கடைகளுக்கு மட்டும் என்று சொல்லவில்லை. வலசைப் பறவைகளும் அந்துப்பூச்சிகளும் எந்த விளக்கு பழையது என்று பார்த்துத் திசை தவறுவதில்லை. விளக்கின் திசையைத் திருத்த ஓராண்டு, விளக்கையே மாற்ற ஐந்தாண்டு என்று கெடு வைக்கலாம்.

நடைபாதை:
திசையைத் திருத்த ஓராண்டு என்பதை ஏற்கிறேன். கம்பப்பணி சொன்னபடி அதற்கு ஒரு ஸ்பானர் போதும். ஐந்தாண்டுக் கெடுவை, சிறுகடைகளுக்கான மாற்றுச் செலவில் ஒரு பங்கை மன்றம் தன் வரவுசெலவில் ஒதுக்கும் வரை ஏற்கமாட்டேன். அந்தத் தொகை வரைவில் எழுதப்படாத நிலையில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால், அந்தப் பிரிவை எதிர்த்தே மனு கொடுப்பேன்.