அழிந்த மரைக்கு உலோகச் சுருள்: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

கிளிநொச்சி, விவசாயி
சிறுபோகத்தில் வாய்க்கால் தண்ணீர் போதாதபோது பெற்றோல் பம்ப்தான் எங்களுக்குக் கைகொடுக்கும். அதன் தீப்பொறிப் பிளக் துளையில் மரை (பிளக்கைத் திருகிப் பிடிக்கும் புரி) அழிந்து, இஞ்சின் சூடேறியதும் பிளக் தெறித்து வெளியே வந்தது. ஒரு பட்டறையில் பசை பூசி இறுக்கித் தந்தார்கள். ஒரு வயல் நனைவதற்குள் மீண்டும் கழன்றது. இன்னோர் இடத்தில் இஞ்சினின் மேல்மூடியான ஹெட்டையே மாற்றச் சொன்னார்கள்.

பரந்தனில் ஒரு மெக்கானிக் ஐயா துளைக்குள் உலோகச் சுருள் போட்டு அதைக் காப்பாற்றினார். ஹெட்டைக் கழற்றி, அந்தச் சுருளுக்கென்றே வரும், மரை வெட்டும் கருவியான டப்பில் கிரீஸ் தடவி, அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே என்று பொறுமையாகப் புது மரை வெட்டினார். அலுமினியத் தூள் கிரீஸிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. பிறகு 14 மில்லிமீற்றர் துருப்பிடிக்காத எஃகுச் சுருளைத் திருகி இறக்கி, அடியில் குறுக்கே நின்ற வாலை மூக்குக் குறட்டால் முறித்து எடுத்தார். மென்மையான அலுமினியம் இருந்த இடத்தில் இப்போது எஃகு மரை. முன்பைவிட உறுதி!

ஒட்டுசுட்டான், தச்சு வேலை
மரத்திலும் இதே தொல்லை உண்டு. வீடு மாறும்போதெல்லாம் கட்டிலைக் கழற்றிப் பூட்டினால் துளை தளர்ந்துவிடும். தீக்குச்சி திணிப்பது கதவுக் கீலுக்குப் போதும். பாரம் தாங்கும் கட்டில் காலுக்குப் போதாது. அதற்கு நான் பித்தளைச் சுரை பதிக்கிறேன். வெளியே மரத்தைக் கவ்வும் அகன்ற மரை, உள்ளே போல்ட்டுக்கான மரை.

முதிரை வைரம் பாய்ந்த மரம். மென்மரத்துக்குரிய அளவில் துளையிட்டால் பித்தளை மரை நசுங்கும், தலையிலுள்ள வெட்டும் உடையும். ஆகவே கழிவுத் துண்டில் முதலில் பரீட்சித்து, துளையைச் சற்றுப் பெரிதாக்கி, மெழுகு தடவுகிறேன். திருப்புளியைத் தொடுவதே இல்லை. போல்ட்டில் இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று இறுக்கி, அதைச் சுரைக்குள் விட்டு ஸ்பனரால் திருப்பினால் சுரை நேராக இறங்கும்.

முல்லைத்தீவு, படகு இயந்திரம் திருத்துபவர்
எங்களுக்கு உப்புக்காற்றுதான் எதிரி. படகின் பின்னால் பூட்டும் வெளியிணைப்பு இயந்திரத்தின் அலுமினிய உடலில் எஃகு போல்ட் இறுகிப் பிடித்துக்கொள்ளும். வலிந்து கழற்றினால் மரையையும் உரித்துக்கொண்டு வரும். சுருள் போட்டாலும் இரண்டு உலோகங்களுக்கிடையே அரிப்பு நிற்காது. அதனால் சுருளின் வெளிப்புறத்திலும் போல்ட்டிலும் கடல்நீருக்குத் தாங்கும் கிரீஸ் கட்டாயம். மேற்பரப்பிலிருந்து கால் முதல் அரைச் சுற்று வரை சுருள் அமிழ்ந்திருக்கவும் வேண்டும்.

கிளிநொச்சித் தம்பி, பிளக்கை இஞ்சின் நன்றாக ஆறிய பிறகே கழற்றுங்கள். சூட்டோடு திருகினால் சுருளும் கூடவே வந்துவிடக்கூடும்.