ஜெர்மனியிலும் ஒரு சேலம் இருக்கிறதா?

அஸ்தம்பட்டிக்காரன்:
அப்பாவுக்குப் புது போன் வாங்கிக் கொடுத்தேன். நேற்று மதியம் வேர்த்து வழிய உட்கார்ந்திருந்தவர், “சேலத்தில் 6 டிகிரியாம், பாருடா” என்று போனை நீட்டினார். பார்த்தால் ஜெர்மனியில் இருக்கிற சேலம்! இங்கே வேலை பார்த்த வெள்ளைக்காரர் யாராவது ஊர் திரும்பி அந்தப் பெயரை வைத்தாரா?

குகை வாத்தியார்:
இல்லை தம்பி, அது பைபிள் பெயர். ஆதியாகமத்தில் சாலேமின் ராஜா மெல்கிசேதேக்கு வருவார். சமாதானம் என்று பொருள். நம் சேலத்துக்குச் ‘சைலம்’, அதாவது மலை, என்பதிலிருந்து பெயர் வந்ததாகச் சொல்வார்கள். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

நாகலூர் காப்பி:
அந்த ஊருக்குப் பக்கத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன் அண்ணா. முதல் தடவை ரயில் சேலம் ஸ்டேஷனில் நின்றபோது, பலகையைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. போடன்சே ஏரிக்கு வடக்கே, சுமார் 11,000 பேர் இருக்கிற ஊர். நம்ம ஒரு வார்டுக்குக்கூடக் காணாது.

முதலில் அது சால்மன்ஸ்வைலர் என்ற குக்கிராமம். 1130-களில் சிஸ்டர்சியன் என்ற கத்தோலிக்கச் சபைத் துறவிகள் வந்து மடம் கட்டியபோதுதான் சேலம் ஆனது. பெயரில்தான் சமாதானம்! 1697-இல் தீப்பிடித்து மடம் எரிந்துபோனது, பழைய பெரிய கோயில் மட்டும் தப்பியது. மறுபடி அரண்மனை மாதிரி கட்டினார்கள். நெப்போலியன் காலத்தில் துறவிகளை வெளியேற்றி, பாடன் அரச குடும்பம் எடுத்துக்கொண்டது. இப்போது அந்த வளாகத்தில் தீயணைப்பு அருங்காட்சியகமும் இருக்கிறது. பட்ட பாடு அப்படி போல.

1920-இல் அங்கேயே குர்ட் ஹான் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். யூதர். ஹிட்லரை வெளிப்படையாக எதிர்த்ததால் 1933-இல் பிடித்து உள்ளே வைத்தார்கள். வெளியே வந்ததும் பிரிட்டன் போய், ஸ்காட்லாந்தில் கார்டன்ஸ்டன் பள்ளியை ஆரம்பித்தார். எலிசபெத் ராணியின் கணவர் பிலிப் இரண்டு பள்ளியிலும் படித்தவர்.

அப்புறம், அங்கே ஒரு குரங்கு மலையும் உண்டு! சுமார் 200 குரங்குகள். நான் போனபோது வாசலில் கை நிறைய பாப்கார்ன் தந்தார்கள். வேலிக் கட்டையில் உட்கார்ந்திருந்த ஒன்று என் உள்ளங்கையிலிருந்து ஒவ்வொரு பொரியாக, நகம் படாமல் எடுத்துத் தின்றது. எனக்கோ ஏற்காட்டு ஞாபகம். பதினெட்டாவது கொண்டை ஊசி வளைவில் என் பஜ்ஜிப் பொட்டலத்தை முழுசாகப் பிடுங்கிக்கொண்டு போனதோடு, மரத்தில் உட்கார்ந்து முறைக்கவும் செய்ததே ஒன்று!

அஸ்தம்பட்டிக்காரன்:
அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். பள்ளி, மடம் எல்லாம் சரி, அங்கே மாம்பழம் விளையுமா என்கிறார்.

நாகலூர் காப்பி:
ஆப்பிள் தோட்டம்தாங்க, கண்ணுக்கெட்டிய வரைக்கும். மல்கோவாவுக்கு இங்கேதான் வரணும்னு சொல்லுங்க.