வளர்ப்புப் பிள்ளைக்கு விஷயம் தெரிந்துவிட்டது: கவுன்சலிங் எங்கே, எப்படித் தொடங்குவது?

தலவாக்கலை டீச்சர்:
ஓ.எல். (சாதாரண தரப்) பரீட்சை எழுதப்போகும் 16 வயதுப் பிள்ளை. கைக்குழந்தையில் எடுத்து வளர்த்தவர்கள். கல்யாண வீட்டில் யாரோ வாய்தவறிச் சொல்லிவிட்டார்கள். இப்போது தூக்கமில்லை, சாப்பாடு குறைவு, அம்மாவோடு பேச்சே இல்லை. "நன்றி கெட்டவள்" என்று பாட்டி ஏசுகிறார். மந்திரித்துக் கயிறும் கட்டியாயிற்று. தமிழில் கவுன்சலிங் எங்கே கிடைக்கும், அதில் என்ன செய்வார்கள்? பெற்றவளைத் தேடுவதா என்று வீட்டில் சண்டை வேறு.

உளவளத்துணை:
டீச்சர், முதலில் பாட்டியை நிறுத்துங்கள். பெற்றவளை நினைத்து அழுவது வேறு, வளர்த்தவளை வேண்டாம் என்பது வேறு. நன்றிக் கணக்குப் பேசினால் பிள்ளை அழுகையை ஒளிக்கப் பழகிவிடும்.

பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரை (கவுன்சலரை) கேளுங்கள். நுவரெலியா, கண்டி, பதுளை அரச ஆஸ்பத்திரிகளில் மனநல கிளினிக் இலவசம். 1926 என்பது இலங்கைத் தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி இலக்கம், ராவிலும் எடுக்கலாம். தமிழ் பேசுபவர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சித்தப்பா பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்தால் பிள்ளை வாயே திறக்காது.

பொதுவாக வாரம் ஒரு தடவை, 45 நிமிஷம் அளவில். ஆரம்பத்தில் தத்து பற்றித் தோண்டக்கூடாது. தூக்கமும் சாப்பாடும் சீராகட்டும். நெஞ்சு படபடத்தால் 4 எண்ணி மூச்சை இழுத்து 6 எண்ணி விடப் பழக்குவார்கள். அவசரப்பட்டுக் கிளறினால் பிள்ளை இரண்டாம் தடவை வரவே மாட்டாள்.

பிறகு காலக்கோடு. நீளக் கடதாசியில் பிறந்த நாளிலிருந்து இன்றுவரை, தெரிந்ததை எழுதி, தெரியாததை வெற்றிடமாக விட வேண்டும். இங்கேதான் வீட்டார் கெடுப்பது: "உங்கம்மா வறுமையில் கொடுத்தா" என்று ஊகத்தை உண்மையாகச் சொல்வார்கள். நாளைக்கு வேறு விதமாகத் தெரியவந்தால் உள்ள நம்பிக்கையும் போய்விடும். பெற்றவளுக்குத் தபாலில் போடாத கடிதம் எழுதுவதும் உதவும். அது பிள்ளையிடமே இருக்க வேண்டும், தலையணைக்கடியில் தேடி வாசிக்காதீர்கள்.

பிறந்தநாள் நெருங்கும்போது மறுபடி சரியலாம், சிகிச்சை தோற்றதாக நினைக்க வேண்டாம். கட்டாயப்படுத்தி இறுக்கிப் பிடித்து அழவைப்பதை யாராவது சிகிச்சை என்று சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள், அது ஆபத்து. சாவைப் பற்றிப் பேசினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு. மரக்கறிக்கு அடிக்கும் மருந்தும் மாத்திரைகளும் இப்போதே பூட்டில் இருக்கட்டும்.

கோட்டு (நீதிமன்றப்) பக்கம்:
பத்திரத்தைப் பாருங்கள். 1941ஆம் ஆண்டு மகவேற்பு (தத்தெடுப்பு) கட்டளைச் சட்டப்படி மாவட்ட நீதிமன்றக் கட்டளை இருந்தால், வழக்கு இலக்கத்தை வைத்துத் தேடலாம். தேயிலைத் தோட்டங்களில் சொந்தத்துக்குள் கைமாறிய பிள்ளைகளுக்கு அந்தக் கட்டளையே இருக்காது. வளர்த்தவர்களையே பெற்றவர்களாகப் பதிந்திருந்தால் பிறப்புச் சான்றிதழால் பயனில்லை. தோட்ட ஆஸ்பத்திரிப் பதிவு, பழைய செக்ரோல் (தொழிலாளர் பெயர்ப் பதிவேடு), வயதான மருத்துவிச்சி, அவ்வளவுதான். 1980களில் இங்கிருந்து ஐரோப்பா போன பிள்ளைகள் பலருடைய பத்திரங்களும் பொய்யாகவே இருந்தன. ஆகவே பெயர் கிடைத்தாலும் டி.என்.ஏ. பார்க்காமல் உறுதி சொல்லாதீர்கள்.

ஹட்டன் அக்கா:
தேடலைப் பிள்ளைதான் கேட்க வேண்டும், பெரியவர்கள் வாக்கெடுத்துத் தீர்மானிப்பதல்ல. பெற்றவள் இருக்கும் இடம் கிடைத்தாலும் குடும்பத்தோடு லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) போய் நிற்காதீர்கள். அந்தப் பெண்ணுக்கு வேறு புருஷன், பிள்ளைகள் இருக்கலாம், அவர்களுக்கு எதுவுமே தெரியாதிருக்கலாம். லயத்தில் ஒரு காம்பராவில் (அறையில்) பேசினால் அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். நம்பகமான ஒருவர் தனியே போய்ச் சம்மதம் கேட்கட்டும். முதல் சந்திப்பு வேறு இடத்தில், ஒரு மணித்தியாலம் போதும். "மாட்டேன்" என்ற பதிலும் வரலாம், பணம் கேட்கவும் கூடும். இரண்டுக்கும் என்ன செய்வது என்று கவுன்சலரோடு முன்னமே பேசி வையுங்கள். வளர்த்த அம்மாவுக்கும் தனியாக ஒரு நேரம் எடுங்கள். அந்த அம்மாவின் பயத்தைப் பிள்ளை சுமக்கக்கூடாது.

தலவாக்கலை டீச்சர்:
நன்றி. பரீட்சை முடியட்டும் என்கிறார் அப்பா.

உளவளத்துணை:
தேடலைத் தள்ளிப்போடலாம் டீச்சர், பிள்ளையும் சம்மதித்தால். கிளினிக்குக்கு இந்த வாரமே போங்கள். தூங்காத பிள்ளைக்குப் படித்தது எங்கே நிற்கும்?