மறு: 'நேவிகுலர் டிசீஸ்' – படகெலும்பு நோய் என்று வைக்கலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

குதிரையின் குளம்புக்குள் இருக்கும் 'நேவிகுலர்' என்ற சிறு எலும்பின் நோய்க்குத் தமிழ்ப் பெயர் தேடும் இந்த இழையை இரண்டு நாட்களாகப் படித்து வருகிறேன். இங்கிலாந்தில் குதிரைகளுக்கு மருத்துவம் பார்ப்பவன் என்பதால், இந்தச் சொல்லில் எனக்கு ஒரு கவலை இருக்கிறது.

> நேவிகுலர் என்றால் லத்தீனில் சிறு படகு. ஆகவே நேவிகுலர் டிசீஸ் 'படகெலும்பு நோய்' ஆகிறது. எளிமையாகவும் இருக்கிறது.

சொல்லுக்குச் சொல் சரிதான் ஐயா. ஆனால் ஆங்கிலத்திலேயே அந்தப் பெயர் பழுதுபட்டுப்போனது. கைவிடப்பட்டுவரும் பெயரை நாம் ஏன் புதிதாகத் தமிழாக்க வேண்டும்?

போன மாதம் ஒரு பதினோரு வயதுக் குதிரை வந்தது. கெட்டித் தரையில் வட்டமாக ஓடவிட்டோம். இடது முன்னங்கால் தரையில் படும்போதெல்லாம் தலையைத் தூக்கியது. முன்னங்கால் வலிக்கு அதுதான் அடையாளம்: வலிக்கிற கால் படும்போது தலை எழும், நல்ல கால் படும்போது தாழும். குளம்புக்குச் சற்று மேலே, காலின் பின்பக்கம் இரு புறமும் ஓடும் நரம்புகளில் மரப்பு ஊசி போட்டோம். பத்து நிமிடம் கழித்து ஓடவிட்டால் இடது கால் சரியாகிவிட்டது. இப்போது வலது காலில் நொண்ட ஆரம்பித்தது! இரண்டு காலிலும் வலி இருந்திருக்கிறது. அதிகமாக வலித்த கால் மற்றதை மறைத்திருக்கிறது.

ஊடுகதிர்ப் படத்தில் (எக்ஸ்-ரே) இரண்டு குளம்பிலும் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. முன்பெல்லாம் இந்த இடத்திலேயே 'நேவிகுலர்' என்று எழுதிவிடுவார்கள். மரப்பு ஊசிக்கு வலி அடங்கினால் கோளாறு அந்த எலும்பில்தான் என்று ஒரு நம்பிக்கை. உண்மையில் அந்த ஊசி குளம்புக்குள் இருக்கும் பெரும்பாலான உறுப்புகளையும் மரக்கவைக்கும். வலி குளம்பில் இருக்கிறது என்பதற்கு மேல் அதிலிருந்து பெரிதாக ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது.

அப்புறம் காந்தப் படம் (எம்.ஆர்.ஐ) எடுத்தோம். இடது குளம்பில், மேலிருந்து இறங்கி அந்தச் சிறு எலும்பின்மேல் வளைந்து செல்லும் ஆழ்மடக்குத் தசைநாண் நீளவாக்கில் கிழிந்திருந்தது. வலது குளம்பில் தசைநாணுக்கு ஒன்றுமில்லை; எலும்புக்குள்தான் நீர் கோத்திருந்தது. ஒரே குதிரைக்கு இரண்டு காலில் இரண்டு நோய். பழைய பெயர் இரண்டையும் ஒன்றாக்கியிருக்கும்.

இது ஏதோ ஒரு குதிரையின் கதை மட்டும் இல்லை. இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் அனிமல் ஹெல்த் டிரஸ்ட் என்ற விலங்குநல ஆய்வு நிறுவனம் இருந்த காலத்தில், குதிரை மருத்துவர் சூ டைசனும் உடன் பணியாற்றியவர்களும், குளம்புப் பகுதியில் அந்தத் தசைநாண் புண்பட்டு நொண்டிய 46 குதிரைகளைப் பற்றி 2003இல் எழுதினார்கள். காந்தப் படம்தான் அந்தப் புண்ணை உறுதிசெய்தது. குளம்பு கெட்டியான பெட்டி; கேளா ஒலிப் படம் (அல்ட்ராசவுண்ட்) அதற்குள் சரியாக நுழையாது. ஊடுகதிரில் எலும்பு தெரியும், நாணும் நாரும் தெரியாது. அதுவரை எல்லாப் பழியும் அந்தச் சிறு எலும்பின் மேல்தான் விழுந்தது.

பெயர் தவறினால் மருத்துவமும் தவறும். நாள்பட்ட வலிக்கு அந்த நரம்பையே வெட்டிவிடும் பழக்கம் உண்டு. கிழிந்த தசைநாண் உள்ளே இருக்கும்போது நரம்பை வெட்டினால், வலி தெரியாமல் குதிரை முழு எடையையும் அந்தக் காலில் போடும். நாண் அறுந்தே போகலாம். அதனால்தான் இந்தச் சொல்லுக்காக இவ்வளவு எழுதுகிறேன்.

என் கருத்து: படம் எடுக்கும் முன் சொல்லும் பெயர் இடத்தை மட்டும் சொல்லட்டும். எந்த உறுப்பு என்பது படம் பார்த்தபின் வரட்டும்.

> அப்படியானால் 'பின்குளம்பு வலி' போதுமே.

போதும்போலத்தான் தெரிகிறது. ஆனால் பின்குளம்பு என்றதும் பின்னங்கால் குளம்பு என்றுதான் யாரும் படிப்பார்கள். இந்த வலியோ பெரும்பாலும் முன்னங்காலில் வருவது. குதிரையின் எடையில் ஏறத்தாழ அறுபது விழுக்காட்டை முன்னங்கால்கள்தான் தாங்குகின்றன. ஆகவே 'குதிக்குளம்பு வலி' என்று வைக்கலாம். குதிங்கால் வலி எல்லோரும் சொல்கிற சொல், காதுக்கு அந்நியமாக இருக்காது.

எலும்புக்கும் படகு வேண்டாம். மனிதப் பாதத்தில் நேவிகுலர் என்று வேறோர் எலும்பு இருக்கிறது; இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் மாணவர்கள் குழம்புவார்கள். குதிரையில் அந்த எலும்பு செய்யும் வேலையைப் பாருங்கள். மேலிருந்து வரும் தசைநாண் அதன்மேல் வளைந்து குளம்பெலும்பில் போய்ச் சேர்கிறது, கிணற்றுக் கயிறு கப்பியில் வளைவதுபோல. ஜெர்மன்காரர்கள் இந்த அமைப்பை 'ஹூஃப்ரோலெ', அதாவது குளம்பு உருளை, என்கிறார்கள். நம் பள்ளிப் புத்தகத்தில் ஏற்கெனவே கப்பி இருக்கிறது. 'கப்பியெலும்பு' என்றால் வடிவத்தோடு வேலையும் புரியும்.

கடைசியாக, படக் கருவி. குதிரையை நிற்கவைத்து எடுக்கும் காந்தப் படத்தை 'நிலைக் காந்தப்படம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அது நிலைக்காந்தத்தால் எடுத்த படம் என்றும் பொருள்படும். குதிரை நின்றபடி எடுக்கும் கருவியில் இருப்பதும் 0.27 டெஸ்லா (காந்தப் புல வலிமையின் அலகு) நிலைக்காந்தம்தான் என்பதால் குழப்பம் இன்னும் கூடும். குதிரைக்கு லேசான மயக்க மருந்து கொடுத்து, லாடத்தைக் கழற்றி, ஆணித்துண்டு எதுவும் குளம்பில் தங்கவில்லை என்று பார்த்துவிட்டு, ப வடிவக் காந்தத்துக்குள் காலை வைக்கச் செய்வோம். ஆள் பக்கத்திலேயே நிற்பார். இன்னொரு வகையில் முழு மயக்கம் கொடுத்துப் படுக்கவைத்து 1.5 அல்லது 3 டெஸ்லாவில் எடுப்பார்கள். படம் இன்னும் துல்லியமாக வரும். ஆனால் குதிரைக்கு முழு மயக்கம் சின்ன விஷயமில்லை. 2002இல் வந்த பெரிய ஆய்வில், குடல்வலி அல்லாத காரணங்களுக்காக முழு மயக்கம் கொடுக்கப்பட்ட குதிரைகளிலேயே ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று இறந்திருந்தது.

நின்ற கோலம், கிடந்த கோலம் என்று கோயிலில் சொல்லிப் பழகியவர்கள் நாம். 'நின்றநிலைக் காந்தப்படம்', 'கிடந்தநிலைக் காந்தப்படம்' என்றால் விளக்கமே தேவைப்படாது. நாளைக்கு நின்றபடி எடுக்கும் வேறு கருவிகளுக்கும் இதே முன்னொட்டு பொருந்தும்.

அன்புடன்.

---

தம்பி, உங்கள் மடல் கண்டேன். கப்பியெலும்பு அருமை, படகை நான் விட்டுவிடுகிறேன்.

குதியில்தான் ஒரு தடை. குதிரை விரல் நுனியில் நிற்கும் விலங்கு. மனிதக் குதியெலும்புக்கு ஈடான எலும்பு அதன் பின்னங்காலில் நடுப்பகுதியில் அல்லவா இருக்கிறது? குளம்பில் குதி எங்கிருந்து வந்தது என்று ஒரு மாணவன் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

இன்னொன்று. எலும்புக்குள் நீர் கோப்பதை 'எலும்பு வீக்கம்' என்று ஒரு இதழில் பார்த்தேன். அதையும் இப்போதே திருத்திவிட்டால் நல்லது.

---

ஐயா, நியாயமான கேள்வி. உடற்கூற்றின்படி நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. அதனால்தான் 'குதி வலி' என்று வைக்காமல் 'குதிக்குளம்பு வலி' என்று வைத்தேன். குதி இங்கே எலும்பைச் சொல்லவில்லை, குளம்பின் பின்பகுதியைச் சொல்கிறது. செருப்புக்கும் குதி உண்டு, அதற்குள் எலும்பு இல்லையே. மாணவனிடம் அப்படித்தான் சொல்வேன்.

'எலும்பு வீக்கம்' கூடாது. எலும்பு பருத்துவிட்டது என்று குதிரைக்காரர் காலைத் தடவிப் பார்ப்பார். வெளியே ஒன்றும் இருக்காது. கொழுப்பின் ஒளியை அடக்கி எடுக்கும் காந்தப் படத்தில்தான், கருத்த எலும்புக்குள் வெள்ளையாக அந்த நீர் தெரியும். 'எலும்பு நீர்கோப்பு' என்று எழுதலாமா? 'நீர்க்கோவை' என்று எழுதினால் சளி என்று நினைப்பார்கள், அதனால்தான் தவிர்த்தேன்.

குளம்பின் அடியில் இருக்கும் முக்கோண மெத்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. ஆங்கிலத்தில் அதைத் தவளை என்கிறார்கள், பிரெஞ்சில் முள்கரண்டி என்கிறார்கள். லாடம் அடிப்பவர்கள் யாரையாவது தெரிந்தவர்கள், அவர்கள் அதை என்னவென்று சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அதுவரை சொற்பட்டியலில் அந்த வரியை வெறுமையாகவே விட்டிருக்கிறேன்.