மின்கலம் தீப்பற்றிய பிற்பகல்

அறிவியல் ஆசிரியர், அரசு உயர்நிலைப்பள்ளி:

கற்பித்தலில் தொழில்நுட்பம் குறித்து அறிவியல், கணித ஆசிரியர்களுக்காக எங்கள் மாவட்டத்தில் நடந்த இரண்டு நாள் கருத்தரங்கில் கலந்துகொண்டேன். முதல் நாள் முற்பகல் செயலிகளின் பெயர்களை எழுதிக்கொள்வதிலேயே கழிந்தது. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

பிற்பகலில் இணையம் நின்றுபோனது. கருத்தாளர் தம் கைப்பேசியிலிருந்து இணைப்புக் கொடுக்க முயன்றுகொண்டிருந்தபோது, மலைப்பகுதிப் பள்ளியிலிருந்து வந்திருந்த ஆசிரியை ஒருவர், தம் ஊரில் இது அன்றாட நிலைதான் என்று சொல்லிக்கொண்டே ஒரு பென்டிரைவை நீட்டினார். 2001இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கார்ல் வீமன், மறு ஆண்டு கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ‘ஃபெட்’ திட்டத்தின் மின்சுற்றுச் சிமுலேஷன், அதாவது மின்கலம், கம்பி, விளக்கு ஆகியவற்றைத் திரையிலேயே இணைத்துப் பார்க்கும் மென்பொருள், அதில் இருந்தது. சிக்னல் கிடைக்கும் இடத்தில் ஒருமுறை கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டால், பிறகு இணையமின்றியே உலாவியில் திறந்து இயக்கலாம்.

அந்த ஆசிரியை விளக்கவுரை எதுவும் நிகழ்த்தாமல், எங்களில் ஒருவரை அழைத்துச் சுட்டியைக் கையில் கொடுத்துவிட்டார். அழைக்கப்பட்டவர் மின்கலத்தின் இரு முனைகளையும் வெறும் கம்பியால் இணைக்க, திரையில் மின்கலம் தீப்பற்றி எரிந்தது, அரங்கே சிரித்தது. மாணவர்களும் முதலில் இதைத்தான் செய்வார்கள் என்றும், தாம் தடுப்பதில்லை என்றும், குறுக்குச்சுற்று என்ற சொல்லை அந்தத் தீ அணைந்த பிறகே கரும்பலகையில் எழுதுவதாகவும் அவர் சொன்னார். அடுத்து ஒரு விளக்கை இணைத்து, விளக்கைக் கடந்த பின் மின்னோட்டம் குறையுமா என்று கேட்டார். பல ஆண்டுகளாகப் பத்தாம் வகுப்புக்கு மின்னோட்டவியல் நடத்தும் நானே ஒரு நொடி தயங்கினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். விளக்கின் இருபுறமும் வைத்த, மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டர்கள் ஒரே அளவைக் காட்டின. இரண்டு நாளில் நான் கற்றது அந்த இருபது நிமிடங்களில்தான்.

இடைநிலை ஆசிரியை, ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி:

ஐயா சொல்வது உண்மை. 2018இல் 1, 6, 9, 11ஆம் வகுப்புகளுக்குப் புதிய பாடநூல்கள், கைப்பேசியில் ஸ்கேன் செய்தால் காணொளி திறக்கும் க்யூஆர் குறியீடுகளுடன் வந்தபோது நடந்த பயிற்சியில், வீட்டிலுள்ள ஒரே கைப்பேசியை அப்பா வேலைக்கு எடுத்துச் சென்றுவிட்டால் குழந்தை எப்படிக் காணொளி பார்க்கும் என்று கேட்டேன். தேநீர் இடைவேளை அறிவிக்கப்பட்டது. இன்றுவரை என் கைப்பேசியில் இறக்கி வைத்து, வகுப்பில் ஒலிபெருக்கியோடு இணைத்தே பாடல்களைப் போட்டுக்காட்டுகிறேன்.

அறிவியல் ஆசிரியர், அரசு உயர்நிலைப்பள்ளி:

அம்மா, எங்கள் பள்ளிக் கணினிகளிலும் அந்தக் கோப்பை ஏற்றிவிட்டேன். ஒரு குறையும் தெரியவந்தது: திரையில் கம்பி ஒருபோதும் கழன்றுகொள்வதில்லை. மாணவர்களிடம் உண்மையான மின்கலமும் விளக்கும் கொடுத்த அன்று, விளக்கு எரியாததும் சுற்று தவறென்று எண்ணி மொத்தத்தையும் பிரித்துவிட்டார்கள். பழுது கம்பியின் முனையில் சுரண்டப்படாத உறையில் இருந்தது. இப்போது முதல் பாடவேளை திரையிலும், அடுத்த பாடவேளை கம்பியோடும் நடக்கிறது.