எங்க முதலாளி காசு யார் காசு? திருப்பூர்ல ஒரு கணக்குப்பிள்ளையோட சந்தேகம்

பி.என்.ரோடு கணக்கன்:

போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில மாமாவோட வாக்குவாதம் முத்திப்போய் ரெண்டு பேரும் பாயசம் கூடக் குடிக்காம எந்திரிச்சுட்டோம். அதான் இங்க கேக்கறேன்.

நான் திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில 14 வருஷமா அக்கவுண்ட்ஸ் பாக்கறேன். பேர் வேண்டாம். எங்க முதலாளி கைமடியா, அதாவது டெய்லருக்குத் துணி மடிச்சுக் குடுக்கற பையனா, வேலைக்குச் சேந்தவர். 1984ல பஞ்சப்படி கேட்டு 127 நாள் ஸ்டிரைக் நடந்துச்சே, அதுல கொடி புடிச்சு நின்ன ஆளுங்கள்ல அவரும் ஒருத்தர். அப்புறம் ரெண்டு மெஷின் வாங்கிப் போட்டார். இன்னிக்கு நாலு யூனிட், உடுமலைப் பக்கம் காத்தாலை, வீட்டு வாசல்ல ஆறு கார்.

எங்கம்மா அவர்கிட்டதான் 19 வருஷம் செக்கிங்ல இருந்தாங்க. பெரும்பாலும் ஒன்றரை ஷிப்ட். சனிக்கிழமை ராத்திரி சம்பளக் கவரோட வருவாங்க, கை முழுக்கப் பஞ்சு ஒட்டியிருக்கும். நான் பி.காம் படிச்சது அந்தக் கவர்ல. ஒரு வருஷம் ஃபீஸ் பத்தலைன்னு முதலாளியே கட்டினார், திருப்பிக் கேக்கல. "அவரு இல்லீன்னா நான் தாராபுரத்துல களை வெட்டிட்டுத்தான் கிடந்திருப்பேன்"னு அம்மா இன்னிக்கும் சொல்லும்.

மாமாவுக்கு ஒரத்துப்பாளையம் பக்கம் தோட்டம். தோட்டம்னு சொல்றது பழக்கதோஷம், திருப்பூர் சாயத்தண்ணி ஆத்துல வந்து கெடுத்தப்புறம் இப்ப சீமைக்கருவேலந்தான். பந்தியில அவர் சொன்னது: "உங்க மொதலாளி பங்களாவுல நாலு செங்கல் என்னுது. கேட்டுச் சொல்லு, எப்பத் தருவாருன்னு."

ஒருத்தர் கையில இவ்வளவு சேருதுன்னா இன்னொருத்தர் கையிலிருந்து போயிருக்கணுமா? கணக்குல ஒரு பக்கம் வரவுன்னா இன்னொரு பக்கம் பற்று எழுதித்தானே பழக்கம். ஆனா எங்கம்மா கணக்குல பற்றே இல்லையே?

போன மாசம் போன ஆர்டர் காஸ்டிங் ஒன்னு தோராயமாச் சொல்றேன். வெறும் ரவுண்ட் நெக் பனியன், ஒரு பீஸுக்கு 200 கிராம் துணி. நூல் 52 ரூபா, நிட்டிங் ரெண்டரை, சாயம் 20, கட்டிங்ல இருந்து பேக்கிங் வரைக்கும் கூலி 33, லேபிள் பாலிபேக் அட்டைப்பெட்டி 12, மத்த செலவு 20. லாபத்தோட சேத்து 155க்குப் போச்சு. அங்க ஐரோப்பாவுல கடையில டேக் ஒன்பது யூரோ சொச்சம், நம்ம காசுக்கு 800க்கு மேல. இதுல யார் யாரை ஏமாத்தினதுன்னு எந்த வரியைக் காட்டறது?

ஓவர்லாக் அண்ணன்:

தம்பி, நான் ஜாப் ஒர்க் பண்றவன், எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தெச்சுக் குடுக்கறவன். 22 மெஷின். எடுத்துட்டாரு எடுத்துட்டாருங்கறீங்களே, எடுக்கறதுக்கு முன்னால அது எங்க இருந்துச்சு? எங்கப்பா காலத்துல இந்த ஊர்ல என்ன இருந்துச்சு சொல்லுங்க. பருத்தி, புழுதி, மழை பேஞ்சா சோளம். இன்னிக்கு மதுரைக்காரன், தேனிக்காரன், ஒடிசாக்காரன், பீகார்காரன் எல்லாம் வந்து ஊருக்குப் பணம் அனுப்பறான். உங்க முதலாளி அந்தக் காசை யார் வீட்டுப் பீரோவை உடைச்சும் எடுக்கல. இல்லாத ஒன்னை உண்டாக்கினார்.

ரிஸ்க்கையும் எழுதுங்க. 2008ல அமெரிக்காவுல பேங்க் விழுந்தப்ப ஏத்தின சரக்குக்குப் பணம் வராம நகையை அடகு வெச்ச ஆளுங்களை நான் பாத்திருக்கேன். லேட் ஆனா ஏர்ல அனுப்பு, கலர் மாறினா டிஸ்கவுண்ட் குடு. கடைசியில சரக்கு இங்க காதர்பேட்டைத் தள்ளுபடிக் கடைகள்ல கிலோ கணக்குல போகும்.

ஆனா ஒன்னு, எழுத வந்ததுக்குச் சொல்லிடறேன். எக்ஸ்போர்ட்காரங்க எனக்குப் பில்லுக்குக் காசு தர 90 நாள், சில சமயம் 120. நான் டெய்லருக்குச் சனிக்கிழமை குடுத்தே ஆகணும். நடுவுல நான் கந்துவட்டி வாங்கறேன். அப்ப அந்த மூணு மாசம் அவரோட பிசினஸ் யார் காசுல ஓடுதுன்னு கேட்டா... சரி, அது வேற விஷயம்.

பி.என்.ரோடு கணக்கன்:

வேற விஷயம் இல்லைங்கண்ணா, அதேதான் விஷயம். உங்க பில் எங்க லெட்ஜர்ல நிக்கும், வட்டிக்குன்னு ஒரு வரி இருக்காது.

பாப்பநாயக்கன்பாளையம் வாத்தியார்:

நான் பொருளாதாரம் நடத்துபவன். சுருக்கமாகச் சொல்கிறேன், பரீட்சைப் பேப்பர் கட்டு காத்திருக்கிறது.

செல்வம் அளவு மாறாத பானைச் சோறு இல்லை. ஒருவர் அதிகம் அள்ளினால் மற்றவருக்குக் குறையும் என்று கட்டாயமில்லை. வில்லியம் நார்ட்ஹாஸ் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் (2018ல் நோபல் வாங்கியவர்) 2004ல் ஒரு கணக்குப் போட்டார். அமெரிக்காவில் புதிய தொழில்நுட்பம் கொண்டுவந்தவர்களின் கையில் நின்றது, அதனால் விளைந்த மொத்தப் பலனில் ஏறக்குறைய 2.2 சதவீதம்தான். மீதி பெரும்பாலும் வாங்குபவர்களுக்குப் போனது.

இதைப் பிடித்துக்கொண்டு 'பணக்காரர்கள் எல்லாரும் கொடையாளிகள்' என்று துள்ளுபவர்களும் உண்டு. அது புதுமையால் வந்த லாபத்தைப் பற்றிய சராசரி. நிலத்தை வளைத்தவன், லைசென்ஸ் வாங்கியவன், ஆற்றில் ஊற்றியவன் கணக்கு அதில் இல்லை. உங்கள் மாமா பேசுவது அந்தக் கடைசி ஆளைப் பற்றி. அம்மா சொல்வதும் மாமா சொல்வதும் ஒரே மனிதரைப் பற்றி இருக்கலாம், இரண்டும் சரியாகவும் இருக்கலாம்.

சென்னிமலைப் பக்கத்து அக்கா:

உங்க மாமா ஊருக்கு நாலு மைல்ல இருக்கறவ நானு. ஒரத்துப்பாளையம் டேம் 1992ல வந்துச்சு. ஆயிரக்கணக்கான ஏக்கர் பாயும்னாங்க, நாங்களும் சந்தோசமாத்தான் இருந்தோம். நொய்யல் ஆத்துல மழைத்தண்ணி வந்ததைவிட சாயத்தண்ணி வந்ததுதான் அதிகம். ஊரு உலகத்துல விவசாயி தண்ணி தேக்கி வைன்னு போராடுவான். நாங்க தேக்காதேன்னு போராடினோம். தேக்கினா கிணத்துக்குள்ள இறங்கிருமே.

எங்க கிணத்துத் தண்ணியில பருப்பு வேகாது. சோப்பு நுரை கட்டாது. என்னைக் கட்டிக் குடுத்தப்ப அந்தக் கிணத்துல மஞ்சளும் வாழையும் வெச்சிருந்தாங்க. என் பெரிய பையன் பொறந்தப்ப சோளத்தட்டுக்கு வந்துட்டோம். சின்னவன் பொறந்தப்ப எருமைக்கே குடிதண்ணி வெலைக்கு. ரெண்டு பேரும் இப்ப எங்க இருக்காங்கன்னு நெனைக்கறீங்க? திருப்பூர்லதான், பனியன் கம்பெனியில. அந்த அண்ணன் சொல்ற மாதிரி வேலை குடுத்திருக்காங்க, இல்லீங்கல. வேலைக்குப் போக வேண்டியதாப் போனது எதனாலங்கறதையும் சேத்துச் சொல்லணுமல்லோ.

பழைய பட்டறைக்காரன்:

அக்கா திட்டற ஆளுங்கள்ல நானும் ஒருத்தன். மங்கலம் ரோட்டுல சாயப்பட்டறை வெச்சிருந்தேன், சின்னது, எட்டு வின்ச் (துணிக்குச் சாயம் ஏத்தற தொட்டி மெஷின்). ஊத்தினோம். பொய் சொல்லல. ஆத்துக்குப் போற வாய்க்கால்ல என்ன கலர் ஓடுதுன்னு பாத்து இன்னிக்கு எந்த ஷேட் ஓடுதுன்னு சொல்லிரலாம். கலரைக்கூட எடுத்துரலாம். உப்புதான் எமன். காட்டன்ல சாயம் ஏற மூட்டை மூட்டையா உப்பு போடணும், அது துணியில நிக்காது, மொத்தமும் தண்ணியோட வெளிய வந்துரும். அதை எடுக்கணும்னா ஆர்ஓ போட்டு, மிச்சத்தைக் காய்ச்சி எடுக்கணும். அப்ப எங்களுக்கு எக்ஸ்போர்ட்காரன் குடுத்த ரேட்டுல டீசலுக்கே பத்தாது. ரேட் ஏத்திக் கேட்டா அடுத்த பட்டறைக்குப் போயிருவான்.

2011 ஜனவரியில ஐகோர்ட் எல்லாப் பட்டறையையும் மூடச் சொல்லுச்சு. பெரியவங்க கடன் வாங்கி, சுத்திகரிப்பு சரி பண்ணி மறுபடி தெறந்தாங்க. நான் தெறக்கல. இப்ப ஒரு பெரிய பட்டறையில டையிங் மாஸ்டர், மாசச் சம்பளம். ஆத்தைக் கெடுத்து எல்லாரும் சம்பாதிச்சோம், ஆனா பில்லு வந்தப்ப என்னை மாதிரி ஆளுங்கதான் கட்டினோம். பனியனை வித்தவரும் வாங்கினவரும் அப்படியேதான் இருக்காங்க.

பி.என்.ரோடு கணக்கன்:

ரெண்டு நாளா இதைத்தான் படிச்சுட்டிருந்தேன். வாத்தியார் சொன்னது புரியுது. பட்டறைக்காரர் சொன்னதுக்கு என்கிட்ட பதில் இல்லை, அதையும் ஒத்துக்கறேன். எனக்குக் கணக்குப் போட்டாத்தான் மண்டைக்குள்ள ஏறும், போட்டேன்.

2006 டிசம்பர்ல ஐகோர்ட் ஒரு உத்தரவு போட்டிருக்கு. சுத்தம் பண்ற வசதி வர்ற வரைக்கும் வெளியேத்தற கழிவுக்கு லிட்டருக்கு 6 பைசா அபராதம், அப்புறம் 8, அப்புறம் 10. பட்டறைக்காரங்க சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 2009ல தோத்தாங்க. எனக்கு அந்த 6 பைசாதான் கண்ணுல நின்னுச்சு. ஆத்துக்கு ஒரு ரேட் எழுதினதை நான் அப்பத்தான் பாக்கறேன். பழைய வின்ச்ல கிலோ துணிக்கு 100 லிட்டர் கழிவுன்னு வெச்சுக்குங்க. 200 கிராம் பனியனுக்கு 20 லிட்டர். ஒரு ரூபா இருபது பைசா.

155 ரூபா காஸ்டிங்ல 1.20. லேபிளுக்கும் பாலிபேக்குக்கும் அதைவிட அதிகம் எழுதறோம். நிஜமா சுத்தம் பண்ற செலவு இன்னும் பல மடங்கு, தெரியும். அதைச் சேத்தப்புறமும் ஊரு சாகலையே? 2011ல 'திருப்பூர் முடிஞ்சுது'ன்னு எத்தனை பேர் சொன்னாங்க. 2021-22ல ஏற்றுமதி 30,000 கோடி தாண்டிருச்சு. விலைவாசி ஏறினதைக் கழிச்சாலும் செத்த ஊரு காட்டற நம்பர் இல்லை அது. அப்ப கட்டறதுக்குக் காசு முன்னாடியும் இருந்துருக்கு. கேக்க ஆள் இல்லை.

இன்னொரு பக்கம். விவசாயிகளுக்கு நஷ்டஈடு நிர்ணயிச்ச ஆணையம் 2002ல இருந்து 2004 வரைக்குமானதுக்கு 28,596 பேருக்கு 24.79 கோடி சொல்லுச்சு. வகுத்துப் பாத்தேன். தலைக்கு 8,670 ரூபா வருது. மாமாவோட கிணத்துக்கு மோட்டார் கூட வராது.

கூலி விஷயத்துல என் முதலாளி பக்கம் நான் இன்னும் பேசுவேன், ஃபீஸ் கட்டினதை மறக்க மாட்டேன். ஆனா நாலு செங்கல்னு மாமா சொன்னது சும்மா வாய்க்கு வந்த பேச்சுன்னு இனிமே என்னால சொல்ல முடியாது. எங்க காஸ்டிங் ஷீட்ல இல்லாத வரியில இருந்து வந்த செங்கல் அது.

ஓவர்லாக் அண்ணன்:

என்னோட வட்டியையும் ஒரு வரி போடுங்க தம்பி.

பி.என்.ரோடு கணக்கன்:

போடறேங்கண்ணா. நேத்து ராத்திரி அம்மாகிட்ட இந்த ஒரு ரூபா இருபது பைசாவைச் சொன்னேன். மாத்திரை போட்டுட்டு இருந்தாங்க. கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "செக்கிங்ல நான் ஒரு ஓட்டையைப் பாக்காம விட்டுட்டா ரெண்டு ரூபா புடிப்பாங்கடா"ன்னாங்க.

மாமாவுக்கு இன்னும் போன் போடல.